நிறுத்தத்தில் நிற்கும் சைக்கிள்

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். வயிறு ஸ்டியரிங்கை முட்டத் தொடங்கியதும், தினமும் அரை மணி நேரம் சைக்கிள் மிதிக்கச் சொன்னார் டாக்டர். காலையில் கிளம்பியவர் ஒன்றேகால் மணி நேரம் கழித்து, சட்டையில் ஒரு சொட்டு வியர்வை இல்லாமல் திரும்பினார். எங்கோ உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

நான்காம் நாள் மகளின் சைக்கிளில் பின்னாலேயே போனேன். மனிதர் ஒவ்வொரு பஸ் நிறுத்தத்திலும் ஓரங்கட்டி நின்றார். திரும்பிப் பார்த்தார். அப்புறம்தான் கிளம்பினார்.

“யாரை ஏத்திக்கிறதுக்கு நிக்கிறீங்க?”

“இருபது வருஷப் பழக்கம்டி. கை தானா பிரேக்கைப் பிடிச்சிடுது” என்று அசடு வழிந்தார்.

“இனிமே நின்னீங்கன்னா பாருங்க!”

மறுநாளிலிருந்து காவலுக்கு நானும் கிளம்பினேன். பழக்கமில்லாத உடம்பு, சின்ன மேட்டிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. நல்லவேளை, சொன்ன பேச்சைக் கேட்காமல் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றுகொண்டிருந்தார். நான் வந்து சேர்ந்ததும் திரும்பிப் பார்த்து, “போலாமா?” என்பார். திட்டுவதை நானும் மறந்துபோனேன்.

நேற்றுதான் முதல்முறையாக ஒரு நிறுத்தத்தில் நிற்காமல் போனார். விடாமல் மணியடித்துக் கத்தினேன்:

“டிரைவர் சார், ஆளை விட்டுட்டுப் போறீங்களே!”