போட்டுக் கொடுத்தவர்

அந்தக் கறுப்பு வெள்ளை ரவுடிப் படங்களில் யாருக்கும் முட்டிவலி கிடையாது. முதியோர் இல்லத்தில் அவை இந்தப் போடு போட்டதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். தொப்பி வைத்த ரவுடிகள் முப்பத்தைந்து வயதுக்குள் நன்றாக உடுத்தி, நன்றாகக் குடித்து, ஊரையே நடுங்கவைத்து, கடைசியில் மழையில் நனைந்துகொண்டே ஒரே குண்டில் போய்ச்சேர்ந்தார்கள். டயப்பர் மாற்ற ஆள் வரும்வரை காத்துக்கிடந்து சாகவில்லை. பார்த்துக்கொண்டிருந்த நான்கு பேருக்கும் அவர்கள்மேல் பொறாமையாக இருந்தது.

நால்வரில் பாஸ் என்பவர், வேலையில் இருந்த காலத்தில் தபால் நிலையத்தில் ஸ்டாம்ப் விற்றவர். அவர் மகன் ஒரு பென்டிரைவ் நிறையப் பழைய படங்களை ஏற்றிக் கொடுத்துவிட்டு வெளிநாடு போனான். அந்தச் சொத்துக்காகத்தான் அவர் பாஸ். மற்றவர்கள் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர், பேங்க்காரர் ஒருவர், கம்பெனி பஸ் ஓட்டிய டிரைவர் ஒருவர். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஹாலில் டிவி முன்னால் நான்கு நாற்காலிகள் போட்டுவிடுவார்கள். படத்தில் பேசும் இங்கிலீஷ் பாதி புரியாது. புரியவும் வேண்டாம். தொப்பியை நெற்றிக்கு இறக்கினால் கோபம், சிகரெட்டைப் பாதியில் நசுக்கினால் எவனுக்கோ சங்கு.

டிரைவருக்கு மனைவி இல்லை, பிள்ளைகளும் இல்லை. அறையில் கூட இருந்த இருவரில் ஒருவருக்குக் காது கேட்காது, இன்னொருவர் எப்போதும் தூக்கம். நாள் முழுக்க அவர் வாயைத் திறப்பது அந்த ஹாலில் மட்டும்தான். "இந்த வேகத்துல திருப்பினா வண்டி கவுந்துடும் பாஸ்" என்பார். "அதான் நம்ம கும்பல்ல வண்டி எடுக்க உன்னை வச்சிருக்கேன்" என்பார் பாஸ். அந்த ஒரு பேச்சில் டிரைவருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

பிறகு பாஸுக்கு மறதி வந்தது. இல்லத்துக்கு வரும் டாக்டர் எல்லோரிடமும், இன்றைக்கு என்ன கிழமை, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார். தப்பாகச் சொன்னால் மூன்றாம் மாடிதான். அங்கே கதவை வெளியிலிருந்து பூட்டுவார்கள். டிவி கிடையாது. போனவர் யாரும் இறங்கிவந்ததில்லை. அதனால் விஷயம் வெளியே போகக்கூடாது என்று கும்பல் முடிவெடுத்தது. டாக்டர் வரும் நாளில் டிரைவர்தான் பாஸின் கையைப் பிடித்து வராந்தாவில் நடத்திக்கொண்டே பாடம் சொல்லிக்கொடுப்பார். கிழமையைச் சரியாகச் சொல்லிவிட்டு பாஸ் வெளியே வரும்போது, கஜானாவையே கொள்ளையடித்த மாதிரி நால்வரும் சிரிப்பார்கள்.

டாக்டர் வராத ஒரு நாளில் ஆயாக்கள் இருவர் வந்து பாஸை மேலே கூட்டிப்போனார்கள். பென்டிரைவ் டீச்சர் கைக்கு வந்தது.

"நம்மள்ல யாரோதான் போட்டுக் கொடுத்திருக்காங்க" என்றார் டீச்சர்.

"காலையில இவர் மேட்ரன் ரூம்லேருந்து வர்றதைப் பார்த்தேன்" என்று டிரைவரைக் காட்டினார் பேங்க்காரர்.

"முட்டிக்குத் தைலம் கேக்கப் போனேன் சார். சத்தியமா."

"மாட்டினவன் எல்லாம் இப்படித்தான் சொல்வான்" என்றார் டீச்சர். ரிட்டயர் ஆனபின் அவர் குரலில் அப்படி ஒரு தெம்பை யாரும் கேட்டதில்லை.

அடிதடி எல்லாம் இல்லை. டிரைவர் ஹாலுக்குள் வந்தால் டீச்சர் ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்துவார். திரையில் ஒருவன் துப்பாக்கியை நீட்டியபடி அப்படியே நிற்பான். டீச்சரும் பேங்க்காரரும் திரும்பிப் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். டிரைவர் வெளியே போனதும் குண்டு வெடிக்கும். அவர் வராந்தா ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துப் படம் பார்க்கப் பழகிக்கொண்டார். அந்த வயதில் அது பார்க்கச் சகிக்காத காட்சி. பேங்க்காரருக்கு மட்டும் அதைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

ஒரு மதியம் படத்தின் நடுவில் எழுந்து வந்த டீச்சர் வராந்தாவில் கால் பிசகி விழுந்தார். டிரைவர்தான் ஓடிப்போய்த் தூக்கினார். மூச்சு வாங்கியபடி டீச்சர் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. விழுறவங்களையும் மேலதான் அனுப்புறாங்க."

"சொல்ல மாட்டேன் டீச்சர். அன்னைக்கும் நான் சொல்லல."

"தெரியும். பாஸே போயி மேட்ரன்கிட்ட அழுதிருக்காரு. எதுவும் ஞாபகத்துல நிக்கல, என்னைப் பார்த்துக்குங்கன்னு. மறுநாளே மேட்ரன் எங்ககிட்ட சொல்லிட்டாங்க."

டிரைவருக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. ஆனால் அவருக்கு ஆனந்தம்தான் வந்தது. மறுநாள் முகம் மழித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, முன்வரிசையில் தன் பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்தார். படம் நின்றது.

"டீச்சர், உங்களுக்குத்தான் தெரியுமே?"

"தெரியும்." பேங்க்காரரும் தலையாட்டினார். அவருக்கும் தெரிந்திருந்தது.

"அப்புறம் ஏன்?"

டீச்சர் மக்குப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுமையோடு பேசினார். "பாஸ் போனப்புறம் இந்த ஹால் எப்படி இருந்திருக்கும்? ரெண்டு கிழடுங்க உக்காந்து கொட்டாவி விட்டிருக்கும். நீங்க வெளிய நிக்கிறதாலதான் எங்களுக்கு உள்ள உக்கார ஒரு ருசி இருக்கு. எழுந்து போங்க. கதவைச் சாத்திட்டுப் போங்க."

டிரைவர் எழுந்தார். சொன்னபடியே கதவைச் சாத்தினார். வராந்தாவில் நின்று கொஞ்ச நேரம் அழுதார், குழந்தை மாதிரி, மூக்கு ஒழுக. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மேட்ரன் அறைக்குப் போனார்.

"டீச்சர் நேத்து வராந்தால விழுந்துட்டாங்கம்மா. நான்தான் தூக்கினேன். வெளிய சொல்லாதேன்னாங்க."

"நேத்து மட்டும்தானா?" என்று கேட்டார் மேட்ரன்.

"அடிக்கடி விழுறாங்க" என்றார் டிரைவர். அது பொய். முதல் வார்த்தைதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

சாயங்கால டீக்கு முன்னால் ஆயாக்கள் சக்கர நாற்காலியோடு ஹாலுக்குள் வந்தார்கள். "யாரோ பொய் சொல்லியிருக்காங்க, நான் நல்லா நடக்குறேன், பாருங்க" என்று டீச்சர் எழுந்து நின்று காட்டினார். சாட்சிக்குப் பேங்க்காரரைப் பார்த்தார். பேங்க்காரர் டிவியைப் பார்த்தார். கதவருகே நின்ற டிரைவரைக் கடக்கும்போது டீச்சர் திட்டுவார் என்றுதான் அவர் நினைத்தார். டீச்சர் திட்டவில்லை. "என்ன கிழமைன்னு கேளுங்க. கரெக்டா சொல்றேன். கேளுங்களேன்" என்றார்.

டிரைவர் கேட்கவில்லை. லிஃப்ட் கதவு மூடும் சத்தம் வந்ததும் உள்ளே போய், டீச்சரின் நாற்காலியில் உட்கார்ந்து ரிமோட்டை எடுத்தார். அந்த இருக்கையில் இன்னும் சூடு இருந்தது.

பேங்க்காரர் அவரைப் பக்கவாட்டில் பார்த்தார்.

"சத்தம் போதுமா, பாஸ்?"

டிரைவர் ரிமோட்டை அவர் மடியில் போட்டார்.

"இன்னும் கூட்டு" என்றார்.