நடுத்தந்தி

மூவாயிரத்து இருநூறு சோம் பணம் பாக்கி. எட்டுப் பாடம், பாடத்துக்கு நானூறு. ஜிபார் டீச்சரின் நோட்டில் தோக்தோசுன் பெயருக்கு நேரே அந்தத் தொகை பனிக்காலம் முழுக்க அப்படியே கிடந்தது. அவள் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். கேட்காதவளிடம் என்ன சொல்வது?

தோக்தோசுன் ஓஷ் சந்தையில் இருபத்தெட்டு வருஷமாகக் கைவண்டி தள்ளுகிறவர். "போஷ், போஷ்" என்று கத்தி வழி கேட்டே தொண்டை தேய்ந்துவிட்டது. முதுகெலும்பில் இரண்டு வட்டு நசுங்கியிருக்கிறது, இன்னும் ஒரு வருஷம் மூட்டை தூக்கினால் கால் விளங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூட்டையை விட்டால் அவருக்குத் தெரிந்தது கொமுஸ் மட்டும்தான், அந்த மூன்று தந்தி வாத்தியம். கலை மன்றத்துக் குழுவில் கொமுஸ்காரர் இடம் ஒன்று காலியாக இருந்தது. மாதம் பதினாலாயிரம், உட்கார்ந்து செய்கிற வேலை. ஆனால் பரீட்சை வைத்தார்கள். பியானோவில் வாசிப்பதைக் கேட்டு, ஐந்து கோட்டில் சுரத்தை எழுதிக் காட்ட வேண்டும்.

தோக்தோசுன் தன் பெயரை எழுதக் கற்றதே நாற்பது வயதில்.

ஜிபாருக்கு இருபத்துநாலு வயது. நாலாம் மாடியில் வாடகை அறை, அதில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு பழைய பியானோ. யாருக்கும் ஒரே மாதிரிப் பாடம் நடத்த மாட்டாள். தையல்காரிக்குத் தையலை எண்ண வைத்துத் தாளம் சொன்னாள். கண் தெரியாத ஓய்வூதியக்காரருக்குக் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். தோக்தோசுனை 'பைகே', அதாவது அண்ணே, என்றுதான் கூப்பிடுவாள்; அவருக்கு அவருடைய கொமுஸையே எடுத்தாள்.

"பைகே, கோட்டப் பாத்து பயப்படாதீங்க. கோடுன்னா தந்தின்னு நெனச்சுக்கோங்க. உங்ககிட்ட மூணு இருக்கு, இங்க ரெண்டு கூட. அவ்ளோதான்."

"இதையா இத்தன நாளா ஒளிச்சு வெச்சிருந்தாங்க?"

அவள் பியானோவில் வாசிப்பாள். அவர் அதையே கொமுஸில் திருப்பி வாசிப்பார். ஒரு சுரம் பிசகாது. "உங்க காதுக்கு நான்ல காசு தரணும்" என்பாள். எழுதச் சொன்னால் மட்டும், "வீட்ல எழுதிப் பாத்துக்கறேம்மா" என்று நோட்டைச் சட்டைக்குள் சொருகிக்கொள்வார். தன் கோழிக் கிறுக்கலை அந்தப் பெண் பார்க்க வேண்டாம் என்று கூச்சம். அவளும் வற்புறுத்தவில்லை.

எழுதியதெல்லாம் சந்தை டீக்கடையில்தான், ஒரு மூட்டைக்கும் அடுத்த மூட்டைக்கும் நடுவே. கூட வண்டி தள்ளும் மாமசாலி எட்டிப் பார்ப்பான்.

"என்னய்யா, வரப்பு வெட்டி வெள்ளரி வெத போடறியா?"

"போடா, இது வெளஞ்சா உனக்கு ஒரு துண்டு தர்றேன்."

மார்ச்சில் பரீட்சை. கலை மன்றத்தின் சாய்ரா என்ற அம்மாள் எதிரில் உட்கார்ந்திருக்க, பக்கத்து அறையிலிருந்து பியானோ மூன்று தடவை கேட்டது. முதலில் எழுதி முடித்தவர் தோக்தோசுன்தான். சாய்ரா காகிதத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி காகிதத்தைப் பார்த்தாள்.

"ஒசரத்துல போற சுரத்தையெல்லாம் நடுவுல வெச்சிருக்கீங்க. கீழ வர்றதுல பாதிய மேல தூக்கிட்டீங்க. என்ன இது?"

"நடுத்தந்திதானே அக்கா ஒசந்த சத்தம்? அதான் நடுக்கோட்டுல."

காகிதத்தில் கோடு மேலே போகப் போகச் சுரம் ஏறும். கொமுஸில் அப்படியில்லை. நடுத்தந்தி உச்சத்தில் நிற்கும், இரண்டு பக்கத்துத் தந்தியும் தாழ்ந்து பேசும். பியானோக்காரி ஜிபாருக்கு அது தெரியாது. வேறு மாதிரி இருக்க முடியும் என்பது தோக்தோசுனுக்குத் தெரியாது.

"வாசிச்சுக் காட்டவா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் கொமுஸை எடுத்து முழுவதையும் வாசித்தார். சாய்ரா கடைசிவரை கேட்டாள்.

"ஒரு தப்பும் இல்ல, பைகே. ஆனா மேல நான் அனுப்பப்போறது உங்க காத இல்ல, இந்தக் காகிதத்த."

"இன்னொரு காகிதம் குடுங்களேன்."

"என் கையில இருந்தா குடுக்க மாட்டேனா? இனி எடம் காலியானா உண்டு. ரெண்டு வருஷமாகலாம்."

நடந்ததைக் கேட்டுவிட்டு ஜிபார் பியானோ மூடியைச் சாத்தினாள்.

"என் தப்பு. ஒரு தடவயாவது உங்க நோட்ட வாங்கிப் பாத்திருக்கணும்."

"நான் காட்டியிருக்கணும்."

"பணம் வேண்டாம் பைகே."

"பாடம் நடந்துச்சா இல்லியா?"

அவளுக்கும் அந்த மாதத்தோடு வீடு காலி. வீட்டுக்காரன் விற்றுவிட்டான். பியானோவை இறக்கச் சந்தை விலை மாடிக்கு எண்ணூறு. தோக்தோசுன் படிக்கட்டைப் பார்த்தார். நாலு மாடி, கடனுக்குச் சரியாக. கணக்கு அவளுக்கும் புரிந்துவிட்டது.

"வேண்டாம். உங்க முதுகு..."

"என் முதுகுதானே. உன் பியானோவுக்கு ஒண்ணும் ஆகாது."

மாமசாலியும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். வண்டிக்காரர்களுக்குள் கூலி கிடையாது. இன்று எனக்கு, நாளை உனக்கு. இவருக்கு எத்தனை நாளை இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. பாரம் இறங்குகிற கீழ்ப்பக்கத்தை அவரே பிடித்துக்கொண்டார்.

"பரீட்சைக்குப் போனவன் பியானோவோட திரும்பறான்" என்றான் மாமசாலி. "பாஸ்தான் போல."

இரண்டாம் மாடித் திருப்பத்தில் பியானோவைத் தாங்கிய வார் நழுவியது. பெட்டி சுவரில் இடித்து, உள்ளேயிருந்து ஒரே ஒரு சுரம் கிளம்பியது. எந்தக் கோட்டில் நிற்கிற சுரம் என்று தோக்தோசுனுக்கு இப்போது சரியாகத் தெரிந்தது. இடது காலில் உணர்வில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த படியைத் தேடினார்.

கீழே லாரியில் ஏற்றியதும் ஜிபார் நோட்டைத் திறந்து, மூவாயிரத்து இருநூறின்மேல் ஒரு கோடு இழுத்து அவருக்குக் காட்டினாள். அவளால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை. அவர் படியில் உட்கார்ந்தபடியே பார்த்துத் தலையாட்டினார். எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது.