எடை குறைந்த டர்போ வண்டி

முதுகில் வந்து விழும் ஒரு தள்ளலின் விலை ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரம் ரூபாய். டர்போ விழித்துக்கொள்ளும் அந்த ஒரு விநாடியில் சீட்டுக்குப் பின்னாலிருந்து யாரோ உள்ளங்கையை வைத்துப் 'போயிட்டு வா ராஜா' என்று அனுப்பிவைக்கிற மாதிரி ஒரு சுகம் வரும், அதற்கெல்லாம் விலையே வைக்க முடியாது பாய் என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் என்றான் மெக்கானிக் இருதயராஜ். கலீல் ரகுமான் வாயைத் திறக்கவில்லை. டீயை ஆற்றினார். கூரைத் தகரத்தைப் பார்த்தார். அவருடைய மௌனத்துக்கு எதிரே இருதயராஜ் தனியாளாகப் பேரம் பேசி, தானே படிப்படியாக இறங்கி, ஒன்று எழுபத்திரண்டில் வந்து நின்றான்.

கலீல் ரகுமானுக்குப் பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் எவர்சில்வர் மொத்தக் கடை. டம்ளரானாலும் அண்டாவானாலும் அங்கே கிலோ கணக்குதான். ஐம்பத்திரண்டு வயதுக்குள் அவரை யாரும் ஏமாற்றியதில்லை என்பது ஊரறிந்த சேதி. யாராவது பழைய லாரியோ ஜெனரேட்டரோ வாங்கப் போனால், "கலீல் பாய் பார்த்துட்டாரா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அவரும் கூலி எதுவும் வாங்காமல் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அந்தக் கேள்விதான் அவருக்குக் கூலி.

வண்டி 2005 மாடல் ஸ்டேஷன் வேகன். டர்போ டீசல். முன்னால் காராகத் தொடங்கி, முடிக்க மனமில்லாமல் பின்னால் நீண்டுகொண்டே போகும். இதை ஆம்புலன்ஸ் என்று நினைத்து வழிவிட்டவர்கள் உண்டு. வேப்பம்பட்டில் உள்ள கிடங்குக்கு நாலு மூட்டை சரக்கும் ஏற்றிக்கொண்டு தினமும் போய்வர வேண்டும். ஆனால் போகிற வேகத்தில் ரத்தமும் கொஞ்சம் ஓட வேண்டும். இரண்டுக்கும் இதைவிட்டால் வேறு வண்டி இல்லை என்பது அவர் கட்சி.

அதை வாங்கிய கதையை அவர் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. 2016 ஜூன் மாதம். மதுரவாயலில் ஒரு தரகன். வேலூர் டாக்டர் ஓட்டியது, ஷெட்டை விட்டு வெயிலைக்கூடப் பார்க்காத வண்டி, மூன்று லட்சத்து அறுபதுக்குக் காசு குறையாது என்றான். நாற்பது நிமிடத்தில் இரண்டு பத்துக்கு இறக்கினார். பணத்தை எண்ணும்போது தரகன் கண்ணைத் துடைத்துக்கொண்டானாம். கதையில் கலீலுக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

இப்போது அதே வண்டிக்குப் புது உயிர் ஊட்டுவதாக ஏற்பாடு. எஞ்சினின் கம்ப்யூட்டருக்கு வேகம் கூட்டும் மேப்பிங், டர்போ காற்றைக் குளிர்விக்கப் பெரிய இன்டர்கூலர், இறுக்கமான ஸ்பிரிங், பெரிய பிரேக் டிஸ்க், வளைவில் சாயாமலிருக்கப் பின்பக்கம் ஒரு தடித்த கம்பி. உதிரிகளை இருதயராஜ் வழியாக வாங்கினால் அதில் ஒரு லாபம் வைப்பான் என்று கலீலே நேரடியாகத் தருவித்தார். வந்த பெட்டியைப் பிரித்ததும் செய்த முதல் வேலை, கடைத் தராசில் ஏற்றியது. நாற்பத்தெட்டு கிலோ. குறித்து வைத்தார்.

வண்டியை ஒப்படைக்கும் நாளன்று டேங்க் வழிய டீசல் போட்டுக்கொண்டு, பைபாஸ் ஓரத்து லாரி எடை மேடையில் கொண்டுபோய் ஏற்றினார். சீட்டு எழுதுகிற முனியன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"இன்னா பாய், லோடு இன்னா?"

"காலி."

"காலி வண்டிய இன்னாத்துக்குப் பாய் எடை போட்றே? மாப்ள ஊட்டுக்காரங்க பொண்ணு பாக்க வர்றாங்களா?"

"போடுடா. மெக்கானிக் ஷெட்டுக்குப் போவுது. போற எடைதான் திரும்பி வருதான்னு பாக்கணும்."

"அப்டீன்னா ஆஸ்பத்திரிக்குப் போறப்ப நீயும் வந்து ஏறிட்டுப் போ பாய்," என்றான் முனியன். சீட்டில் 1,395 கிலோ என்று அடித்துக் கொடுத்தான்.

பதினேழு நாளில் வண்டி தயார். இருதயராஜ் நீட்டிய பில்லைக் கலீல் பேனாவோடு படித்தார். இரண்டு வரிகளைப் பேசி அடித்தார். மூன்றாவதாக ஒரு வரி: 'உள்பக்கம் சுத்தம் செய்த கூலி – 4,500.'

"கழுவறதுக்கு நாலாயிரத்து ஐநூறா? எங்க ஊட்ல குழாய் இல்லியா? உன்னை யாரு கழுவச் சொன்னது?"

இருதயராஜ் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தவன் மாதிரி இருந்தது. பிறகு, "சரி பாய், அடிச்சுடுங்க," என்றான்.

சந்தேகம் பிறந்தது அந்த இடத்தில்தான். நூறு ரூபாய்க்கு அரை மணி நேரம் மல்லுக்கு நிற்கிறவன், நாலாயிரத்து ஐநூறை எச்சில் துப்புவது போல விட்டுவிடுகிறான் என்றால், அதைவிடப் பெரியதாக எதையோ வேறு பக்கத்தில் எடுத்துக்கொண்டிருக்கிறான். முப்பது வருடக் கல்லாப்பெட்டி அவருக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்திருந்தது.

கழற்றிய பழைய உதிரிகளைச் சாக்கில் போட்டுக் கொடுத்தான். அதுவும் கடைத் தராசுக்குப் போனது. இருபத்தெட்டு கிலோ.

நெமிலிச்சேரியில் ஏறி வெளிவட்டச் சாலையில் வண்டியை விட்டுப் பார்த்தார். மூன்றாவது கியரில் எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் இரண்டாயிரத்தைத் தொட்டதும் அந்தத் தள்ளல் வந்தது. வண்டி ஒரு விநாடி மூச்சை இழுத்துப் பிடித்து, பிறகு சாலையைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. வளைவில் பழைய ஆட்டம் இல்லை. பிரேக்கில் கால் வைத்தால் சொன்ன இடத்தில் நின்றது. கலீல் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே பங்க்கில் டேங்கை மறுபடி வழிய நிரப்பி, எடை மேடைக்குப் போனார்.

இருக்க வேண்டியது 1,415. சீட்டில் வந்தது 1,360.

முனியன் இறக்கி மறுபடி ஏற்றினான். 1,360 தான். அவன் தலையைச் சொறிந்தான். "அம்பத்தஞ்சு கிலோ பாய். ஒரு ஆளையே எறக்கிட்டானுங்க."

வீட்டில் அன்று கலீல் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, வண்டியை முன்னும் பின்னும் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வஹீதுன்னிசா வாசலில் வந்து நின்றாள்.

"என்னங்க, வண்டி நல்லாத்தானே ஓடுது? சிரிச்சுக்கிட்டே வந்தீங்களே."

"சிரிச்சது ஓட்டத்துக்கு. இது எடை. அம்பத்தஞ்சு கிலோ காணோம்."

"போன வருஷம் நான் ஏழு கிலோ எளைச்சேன். பொண்டாட்டி எங்க போனான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?" கதவைத் திறந்து உள்ளே தலையை நீட்டினாள். "நல்லாத்தான் பண்ணியிருக்கான். மழைக்காலத்துல குடலைப் பொரட்டுமே ஒரு நாத்தம், அது இல்லவே இல்ல."

"நாத்தத்துக்கு எடை இல்ல, வஹீதா," என்றார் கலீல் எரிச்சலாக.

மறுநாள் காலை பத்து மணிக்கு அம்பத்தூர் எஸ்டேட் பின்தெருவில் அந்த வேகன் இருதயராஜின் ஷெட்டுக்கு முன்னால் குறுக்காக நின்றது. எதிரே டீக்கடை, பக்கத்தில் மணவாளனின் பழைய இரும்புக் கடை. கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. கலீல் இரண்டு எடைச் சீட்டையும் கையில் பிடித்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி ஆரம்பித்தார்.

"அம்பத்தஞ்சு கிலோ எங்கடா இருதயம்?"

கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்த இருதயராஜின் முகம் வெளிறியது. "பாய், உள்ள வாங்க. பேசிக்கலாம்."

"உள்ள இன்னா ரகசியம்? எடுத்ததத் தெருவுல சொல்லு. எதைக் கழட்டின? யாருக்கு வித்தே?"

"நான் ஒண்ணும் விக்கல பாய். உள்ள வாங்கன்னா வாங்களேன்."

மணவாளன் தன் கடை வாசலிலிருந்து குரல் கொடுத்தான். "இன்னா மாமே, அலுமினியமா, செம்பா? செம்புன்னா பக்கத்துலயே நான் ஒருத்தன் உக்காந்துகினு கீறேனே!"

கூட்டம் சிரித்தது. வெள்ளைக் காரொன்றை வேலைக்கு விட வந்திருந்த ஒருவர், சிரிக்காமல், ஷெட் மேஜைமேல் வைத்த சாவியை எடுத்து மறுபடி சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதை இருதயராஜும் பார்த்தான், கலீலும் பார்த்தார். அப்போதும் அவன் வெளியே ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவே கலீலுக்குப் போதுமான வாக்குமூலமாகத் தெரிந்தது. ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்கிற மிதப்போடு அவன் பின்னால் உள்ளே போனார்.

ஷெட்டின் பின்சுவரோரம் பழைய சிமெண்ட் சாக்கில் இரண்டு மூட்டைகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. "இதுதானே?" என்று பாய்ந்து ஒன்றின் கயிற்றை அவிழ்த்தார். உள்ளே கையை விட்டார். கையில் வந்தது காய்ந்த சேறு. கார்ப்பெட்டுக்கு அடியில் போடுகிற, மக்கிப்போன கம்பளித் துண்டுகள். விரலிடுக்கில் ஒரு நத்தை ஓடு.

இருதயராஜ் சாவியை வாங்கி வண்டியை ஷெட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினான். வண்டியின் பின்பக்க உள்தகட்டைக் கழற்றி, டார்ச்சை அடித்துக் காட்டினான். கழுவியும் போகாத ஒரு பழுப்புக் கோடு, சீட்டு உயரத்துக்குத் தகட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நூல் பிடித்தாற்போல் ஓடியது.

"கதவுக்குள்ள, கதவடிப் படிக்குள்ள, கார்ப்பெட்டுக்குக் கீழ, எல்லா எடமும் வண்டல் பாய். அந்தப் பின்னாடிக் கம்பி பூட்டத் தொளை போட்டேன், மண்ணு கொட்டிச்சு. எந்த ஏரின்னு தெரியாது. பதினஞ்சாம் வருஷ வெள்ளத்துல நாலு நாளாச்சும் முழுகி நின்னுருக்கு."

"வேலூர் டாக்டர் வண்டிடா இது."

"டாக்டர் படகு வெச்சிருந்தாரா பாய்?"

கலீல் மூட்டைமேல் உட்கார்ந்தார். மதுரவாயல் தரகன் கண்ணைத் துடைத்தது ஞாபகம் வந்தது. இப்போது பார்த்தால் அந்த முகம் வேறு மாதிரி இருந்தது. சிரிப்பை அடக்க முடியாதவனும் அப்படித்தான் துடைப்பான்.

"ஏன்டா சொல்லல?"

"எப்புடிச் சொல்வேன்? போன மாசம்கூட இதே ஷெட்ல உக்காந்து நாலு பேருகிட்ட ரெண்டு பத்துக்கு வண்டிய வாங்கின அந்தக் கதைய சொன்னீங்க. வாய் வரலை. ஒயரிங் ஜாயின்ட்டு ஒண்ணு விடாம தொடச்சு, அந்தக் கூலிய பில்லுல ஒரு வரியாப் போட்டேன். அதையும் அடிச்சுட்டீங்க."

வெளியே கூட்டம் கலையவில்லை என்பது குரல்களில் தெரிந்தது. ஒன்று இருதயராஜ் திருடன், இல்லையென்றால் கலீல் ரகுமான் ஏமாளி. மூன்றாவதாக ஒரு சேதியை அந்தத் தெரு நம்பாது.

இருதயராஜே குரலைத் தாழ்த்தி வழி சொன்னான். "எடை மிஷின் தப்புன்னு சொல்லிடலாம் பாய். முனியன் இன்னா, வந்து சண்டையா போடப்போறான்? உங்க பேரும் போவாது, எனக்கும் பொழப்பு நிக்கும்."

நல்ல யோசனைதான். கலீல் அதை மனசுக்குள் இரண்டு தரம் புரட்டிப் பார்த்தார். தராசு பொய் சொல்லும் என்று தன் வாயாலேயே தெருவில் சொல்லிவிட்டு, நாளைக்குக் கடையில் எந்த முகத்தோடு அண்டாவை எடை போடுவது? வாங்க வருகிறவன் சிரித்துக்கொண்டே, 'உங்க தராசு எப்படி பாய்?' என்று கேட்பானே. ஏமாளியிடம் சரக்கு வாங்க ஆள் வரும். தராசைச் சந்தேகிக்கிறவனிடம் யார் வருவான்?

எழுந்தார். "தூக்குடா ஒரு மூட்டைய."

இரண்டு பேரும் ஆளுக்கொன்றாகச் சுமந்து வெளியே வந்தார்கள். கலீலின் வெள்ளைச் சட்டை தோளெல்லாம் சேறானது. நேராக மணவாளனின் இரும்புத் தராசில் கொண்டுபோய் இறக்கினார்.

"மணவாளா, எடை போடு. சத்தமாப் படி."

"மொதோ மூட்டை முப்பத்தொண்ணு. ரெண்டாவது பத்தொம்பது. இன்னா பாய் இது, மண்ணு?"

கலீல் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். பேரத்தில் கடைசி விலையைச் சொல்கிற குரலில் சொன்னார். "வெள்ளத்துல முழுகின வண்டி. பதினாறுல ஒருத்தன் டாக்டர் வண்டின்னு என் தலைல கட்டினான். ஒம்பது வருஷமாத் தெரியாம ஓட்டினு இருந்தேன். இவன் திருடல. என் வண்டில இருந்த ஏரியத்தான் எடுத்துப்போட்டான்."

டீக்கடையில் யாரோ கிளாஸைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. மணவாளன் தாடையைத் தடவினான்.

"நீங்களேவா ஏமாந்தீங்கோ?"

"நானேதான்."

"ஞாயித்துக்கிழம அந்த மினி லாரி பாக்கக் கூட வர்றேன்னீங்களே..." கொஞ்சம் இழுத்தான். "வேணாம் பாய். உங்களுக்கு எதுக்கு அலைச்சல், நானே பாத்துக்கறேன்."

அது சரியான இடத்தில் தைத்தது. கலீல் சட்டைத் தோளில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டார். வெள்ளைக் கார்க்காரர் சாவியை எடுத்து மறுபடி மேஜைமேல் வைத்துவிட்டு, எப்போது கிடைக்கும் என்று இருதயராஜிடம் கேட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு கலீல் பர்ஸைத் திறந்து நாலாயிரத்து ஐநூறை எண்ணி நீட்டினார். ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கவில்லை. இந்த முறை சந்தேகப்பட்டுப் பார்த்தவன் இருதயராஜ். நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் பையில் வைத்தான்.

கலீல் வண்டியின் பானெட்டில் எடைச் சீட்டைக் குப்புற வைத்து, பேனாவை எடுத்து எழுதினார். இருதயராஜ் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான்.

போன எடை 1,395. கழற்றியது 28. பூட்டியது 48. இருக்க வேண்டியது 1,415. இருப்பது 1,360. குறைவு 55. சேறும் கம்பளியும் சேர்ந்து வரவு 50.

பேனா அங்கே நின்றது.

"அந்த அஞ்சு கிலோ ஈரம் பாய்," என்றான் இருதயராஜ் அவசரமாக. "சேறு காஞ்சுதில்ல, ஆவியாப் பூடுச்சு."

கலீல் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குனிந்து கடைசி வரியை எழுதி, அடியில் கோடு போட்டார்.

இருதயராஜ் பேரில் பாக்கி: 5 கிலோ.