கறியும் கரியும்

என் வீட்டுக்காரருக்குக் கம்பி வலைமேல் வாட்டிய இறைச்சி ஆகாது. கரியை ஊதிச் சிவக்க வைத்து, சாம்பலைத் தட்டிவிட்டு, துண்டை நேராகக் கங்கின் மேலேயே போடுவார். கல்யாணமான நாள் முதல் எங்கள் வீட்டுச் சண்டையே இதுதான்.

"கருகினதைத் தின்னா கேன்சர் வரும்ங்கறாங்க," என்பேன்.

"கொழுப்பு சொட்டிப் புகைஞ்சாதான் கெடுதல். கங்கோட ஒட்டிக் கெடந்தா புகை எப்படி வரும்? கறிக்கும் கரிக்கும் ஒரே எழுத்துதான் வித்தியாசம். அதுங்களை நீ ஏன்டி பிரிக்கறே?" என்பார். கொழுந்தன் அண்ணனுக்கு ஜால்ரா போடுவான். நான் மட்டும் விட்டுக்கொடுத்ததே இல்லை.

பிறகு அவர் வயிற்றில் கட்டி வந்தது. கரியால்தானா என்று டாக்டரிடம் கேட்டேன். "அப்படி உறுதியா சொல்ல முடியாதும்மா," என்றார். எனக்கு அது போதவில்லை. காரணத்தைப் பிடித்துவிட்டால் ஆளைக் காப்பாற்றிவிடலாம் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை. கரி மூட்டையைத் தூக்கி வெளியே எறிந்தேன். கஞ்சியும் வேகவைத்த காயுமாகக் கொடுத்து மனுஷனை வாட்டி எடுத்தேன். "ஒரே ஒரு துண்டு," என்று கெஞ்சுவார். "உசுரோட இருக்கணுமா வேணாமா?" என்று கத்துவேன். கஞ்சிக் கிண்ணத்தை இழுத்துக்கொள்வார்.

இன்று டாக்டர் புதிதாக எடுத்த ஸ்கேன் படங்களை வெகுநேரம் பார்த்தார். மருந்தை மாற்றப் போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

"இனிமே பத்தியம் எதுவும் வேணாம்மா. அவர் என்ன கேக்கறாரோ, குடுங்க."

என் அப்பாவுக்கும் கடைசியில் இதைத்தான் சொன்னார்கள்.

இவர் முகமோ மலர்ந்துவிட்டது. "கங்குல சுட்ட கறி சாப்பிடலாமா டாக்டர்?"

"தாராளமா," என்றார் டாக்டர், என்னைப் பார்க்காமல்.

வாடகைக் காரில் ஏறியதும் தம்பிக்குப் போன் போட்டார். "டாக்டரே சொல்லிட்டாருடா! கரியில சுட்டா ஒண்ணும் பண்ணாதாம். உங்க அண்ணி மூஞ்சியப் பாக்கணுமே!"

மறுமுனையில் சத்தமே இல்லை.

"டேய், லைன்ல இருக்கியா?"

போனை வைத்துவிட்டு என் தோளை இடித்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்தக் குறும்பு. "இப்பவாவது ஒத்துக்கடி. யாரு ஜெயிச்சது?"

ஸ்கேன் உறையை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

"நீங்கதாங்க," என்றேன். "டிரைவர்கிட்ட வழியில நிறுத்தச் சொல்லுங்க. கரி வாங்கணும்."