பிரம்புக்குச் சொன்ன ஆமாம்

நுவன் கிழவியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைப் புண்ணியவதி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மூங்கில் வேலி. மழை ஓயும்போதெல்லாம் அதை ஒரு கை அகலம் என் பக்கம் நகர்த்தி நடுவதுதான் அவள் வேலை. நான் பன்றி அறுத்து விற்கிறவள். கடைக்கு வந்து ஈரலை விரலால் அமுக்கிப் பார்த்து, "ஏ சம்லி, இது நேத்து செத்த பன்னியா, முந்தாநேத்து செத்ததா?" என்று நாலு பேர் முன்னால் கேட்பாள். வாங்கவும் மாட்டாள். எழுபத்தெட்டு வயது. புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று, பிள்ளை குட்டி இல்லை. வாய் மட்டும் குறைவில்லாமல் இருந்தது.

அந்த மழைக்காலத்தில் நடவு தொடங்கியதும் எங்கள் ஊரில் இரண்டு ஆண்கள் செத்தார்கள். இரண்டு பேரும் நன்றாக உழைத்துக்கொண்டிருந்தவர்கள். கெண்டைக்கால் வலி என்றார்கள், காய்ச்சல் என்றார்கள், கண் மஞ்சளானது, போய்விட்டார்கள். மூன்றாவதாகக் கம்சிங் படுத்தான். மூன் ஆற்றங்கரையில் எந்த ஊரில் கேட்டாலும் இதற்கு ஒரே அர்த்தம்தான் சொல்வார்கள்: ஈரல்தின்னி இறங்கியிருக்கிறது. அந்தப் பேய் வயதான ஒருத்திக்குள் குடியிருக்கும். அவள் தூங்கும்போது வெளியே கிளம்பிப் போய் ஊரார் ஈரலைத் தின்னும். யாருக்குள் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அவள் வீட்டைக் கொளுத்தி, அவளை அடித்துத் துரத்த வேண்டும். துரத்துகிற வழியில் அவள் செத்துப்போனால் அதற்காக யாரும் அழுவது கிடையாது.

ஊர்த்தலைவர் பிரசோங் பக்கத்து வட்டத்திலிருந்து சாவெங் என்ற மந்திரவாதியை அழைத்து வந்தார். படையலுக்கு வேகவைத்த பன்றித்தலையைக் கொண்டுபோனவள் நான். அதனால் கம்சிங் வீட்டில் நடந்ததை முழுக்கப் பார்த்தேன். அவன் பாயில் சுருண்டு கிடந்தான். மணிக்கட்டில் வெள்ளை நூல் சுற்றியிருந்தார்கள். சாவெங் அரத்தைச் சாறு தடவிய பிரம்பை எடுத்து அவனுடைய உள்ளங்காலில் ஓங்கி அடித்தான்.

"யாருடி நீ? எந்த வீட்டுலேருந்து வந்தே? சொல்லு!"

"தண்ணி... தண்ணி குடுங்க..."

"வாசல்ல பலாமரம் நிக்கிற வீடா?"

கம்சிங் தலையை உருட்டினான். அடி விழுந்தது. "ஆமா..." என்றான்.

"ஏணிப்படி மேற்க பாத்த வீடா?"

"ஆமா."

"ஒண்டியாக் கெடக்கிற கிழவியா?"

"ஆமாய்யா, ஆமா, எல்லாம் ஆமா. விட்டுருங்கய்யா."

அவன் பெண்டாட்டி ஒரதை சுவரோடு ஒட்டிக்கொண்டு வாயில் துணியை வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். பிரம்பு கேள்வி கேட்கும்போது யாரும் குறுக்கே போகக் கூடாது. அடிக்கிறவனையோ அடிபடுகிறவனையோ தொட்டால் பேய் தொட்டவர்மேல் தாவிவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. அதனால் பெற்ற தாயே ஆனாலும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பேசுவது கம்சிங் இல்லை, அவனுக்குள் இருக்கிற பேய் என்பது இவர்கள் கணக்கு. எங்கள் வீடுகள் கட்டைக்கால்மேல் உயரமாக நிற்பவை, ஏணிப்படியில்தான் ஏற வேண்டும். ஏணிப்படி மேற்கே பார்த்த வீடு எங்கள் ஊரில் ஒன்றே ஒன்றுதான். நுவனின் புருஷன் குடிபோதையில் திசை மாற்றிக் கட்டிய வீடு அது.

நான் ஒரதையின் காதில், "ஒம் புருஷனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போடி, என் வண்டி நிக்குது" என்றேன்.

"மச்சான் விடமாட்டேங்கிறாருக்கா. வண்டில ஏத்தினா வழியிலயே உசிர எடுத்துருமாம்."

மச்சான் என்றது கம்சிங்கின் அண்ணன் தவோனை. அவன் அதற்குள் பெட்ரோல் கேனோடு வாசலில் நின்றிருந்தான். கூட்டம் சேர்ந்துவிட்டது. முன்னால் பிரசோங், அவருக்குப் பின்னால் பிரம்போடு சாவெங். பிரசோங்கின் தாய் பிம்பாவும் வெற்றிலையை மென்றபடி நடந்தாள். எண்பத்தொரு வயதிலும் நடை தளராதவள். நுவனுக்கும் அவளுக்கும் வாலிபத்திலிருந்தே பேச்சுவார்த்தை கிடையாது. "கொளுத்துங்கடா, அன்னிக்கே கொளுத்தியிருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் வட்ட அலுவலகத்தில் முதியோர் தினம் கொண்டாடி, ஊதா நிறத்தில் பனியன் கொடுத்தார்கள். நெஞ்சில் 'முதியோரைக் காப்போம்' என்று எழுதியிருக்கும். பிரசோங் அதைத்தான் போட்டிருந்தார். தவோனும் அதைத்தான் போட்டிருந்தான். இதில் வேடிக்கை, அவர்கள் போய் நின்றபோது நுவனும் அதைத்தான் போட்டிருந்தாள். ஓசியில் கிடைத்ததை அவள் கழற்றவே மாட்டாள்.

கிழவி லேசில் கீழே இறங்கவில்லை. மேலேயிருந்து மீன் ஊறல் பானையைத் தூக்கிச் சாவெங்கின் தலையில் போட்டாள். அந்த நாற்றத்தில் முன்வரிசை கொஞ்சம் பின்வாங்கியது.

"டேய் பிரசோங்! ஒங்கப்பன் குடிச்சிட்டு இந்தப் படிக்குக் கீழதாண்டா மூத்திரம் பெய்வான். இன்னிக்கு நீ வந்துட்டியா?"

தவோன் படியேறி அவள் காலைப் பிடித்து இழுத்தான். ஒவ்வொரு படியிலும் முதுகு மோத, கிழவி கீழே வந்து விழுந்தாள். கையை ஊன்றப் பார்த்தாள். மணிக்கட்டு சுள்ளி மாதிரி ஒடிந்தது, அந்தச் சத்தம் என் வேலி வரைக்கும் கேட்டது. ஒருவன் இடுப்பில் மிதித்தான். ஒருத்தி, நேற்றுவரை கிழவியிடம் உப்பு கடன் வாங்கினவள், செருப்பைக் கழற்றி வாயிலேயே அடித்தாள். பல் உதிர்ந்த வாயிலிருந்து ரத்தம் வழிந்தது. சாவெங் தலைமுடியைப் பிடிக்கக் குனிந்தபோது கிழவி அவன் கட்டைவிரலைக் கவ்வினாள். மிச்சமிருந்த பற்களையெல்லாம் அதில் இறக்கிவிட்டாள். அவன் போட்ட கூச்சலில் நாய்கள் ஓடின.

எனக்கு வந்தது இரக்கம் இல்லை. சுத்தமான கோபம். இத்தனை வருஷமாக அவளோடு மல்லுக்கு நிற்கிறவள் நான். அவளைத் திட்டவோ, அவள் கோழியைக் கல்லால் அடிக்கவோ எனக்குத்தான் காரணம் உண்டு. இவன்களுக்கு என்ன வந்தது? வீட்டைக் கொளுத்தி அடித்துக் கொல்கிற அளவுக்கு அவள் இவன்களை என்ன செய்துவிட்டாள்? கடைக்குள் போய் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு வேலியை மிதித்துத் தாண்டினேன்.

"தலைவரே, ஆளை விடச் சொல்லுங்க. அவனுக்கு வந்திருக்கிறது வியாதி."

"நீ போய்ப் பன்னியப் பாரு சம்லி" என்றார் பிரசோங். கூட்டம் சிரித்தது.

பன்றியைத்தான் பார்த்தேன். கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, மிரண்ட பன்றியைப் பிடிக்கிற மாதிரியே, பிரசோங்கின் பின்னங்காலைத் தட்டிக் குப்புறத் தள்ளி, முதுகில் முட்டிக்காலைப் போட்டு உட்கார்ந்தேன். விரலைச் சூப்பிக்கொண்டிருந்த சாவெங்கின் கையிலிருந்து பிரம்பைப் பிடுங்கினேன்.

"சம்லிக்குப் பேய் புடிச்சிருச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

"எனக்கில்ல, இவருக்குத்தான். பிரம்பு கேக்குது, எவனும் கிட்ட வராதீங்க. தொட்டா ஒங்கமேல தாவும்" என்றேன்.

ஒருவரும் வரவில்லை. அவர்களுடைய நம்பிக்கையே அவர்கள் காலைக் கட்டிப்போட்டது. நான் ஓங்கி அடித்தேன். பன்றி தூக்கிப் பழகிய கை. ஊதாப் பனியன் முதுகில் கிழிந்தது.

"சொல்லு! நீலத் தகரக் கூரை போட்ட வீடா?"

"சம்லி, வெளையாடாதே... ஐயோ!"

"நீலக் கூரையா?"

"ஆமா! ஆமா!"

"கொட்டகைல ரெண்டு எருமை நிக்கிற வீடா?"

"ஆமா!"

"வெத்தலை போடுற கிழவியா? ஒன்னைப் பெத்தவளா?"

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடித்தேன். தோல் பிளந்தது.

"ஆமா! எங்கம்மாதான்! விட்டுரு சம்லி, விட்டுரு!"

எழுந்து நின்றேன். மூச்சு வாங்கியது. "கேட்டீங்களா? அடிச்சா எவனும் ஆமான்னுதான் சொல்லுவான். பெத்தவளையே சொல்லுவான். வெக்கமிருந்தா வீட்டுக்குப் போங்க" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டு கலைவார்கள் என்று நினைத்தேன். என்ன புத்திசாலி நான்! பின்னாலிருந்து ஒரு குரல் மெதுவாகச் சொன்னது:

"அப்போ ரெண்டு பேரா?"

"அதானே பாத்தேன். ரெண்டு இருக்கப்போயிதான் ரெண்டு சாவு!"

பிம்பாவைச் சுற்றி நின்றவர்கள் விலகினார்கள். அவள் கையில் வெற்றிலைச் செல்லத்தோடு நடுவில் தனியாக நின்றாள். இன்னும் விஷயம் அவளுக்கு உறைக்கவில்லை. "என்னடா பாக்குறீங்க?" என்றாள். நான் "டேய், நான் சொன்னது அதில்லடா!" என்று கத்தினேன். யார் கேட்கிறார்கள்? பிரம்பு கேட்டது, வாய் சொன்னது, அவர்களுக்கு அது போதும். நுவன் தப்பிக்க நான் வெட்டிய வழியில் இன்னொருத்தியைத் தள்ளிவிட்டேன்.

தவோன் பிம்பாவின் கொண்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினான். பெட்ரோலை அவள் தலையில் கவிழ்த்தான். கண்ணில் இறங்கிய எரிச்சலில் அவள் கையால் காற்றைத் துழாவினாள்.

"பிரசோங்! டேய் பிரசோங்! எங்கடா இருக்கே?"

பிரசோங் அங்கேதான் இருந்தார். நாலடி தள்ளி மண்ணில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தை நான் பார்த்தேன். தாயைப் பார்த்தார். பிறகு ஊர் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

தவோன் லைட்டரை எடுத்தான். அப்போது நுவன் எழுந்தாள். எப்படி எழுந்தாள் என்று எனக்குத் தெரியாது. ஒடிந்த கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, படிக்கட்டுக்கு அடியில் கிடந்த சாலட்டுக்குப் பச்சைப் பப்பாளி இடிக்கிற உலக்கையை மறு கையில் தூக்கி, அவன் முட்டியில் போட்டாள்.

"பிம்பா எனக்குத்தாண்டா எதிரி! ஒனக்கு அவ என்னடா பண்ணினா?"

அவன் மடங்கினான். ஆனால் லைட்டரை விடவில்லை. கட்டைவிரல் சக்கரத்தை உருட்டப் பார்த்தது. நான் அந்தக் கையைப் பிடித்து மரப்படியின்மேல் வைத்து அழுத்தி, வெட்டுக்கத்தியை இறக்கினேன். இரண்டு விரல்கள் லைட்டரோடு சேர்ந்து கீழே விழுந்தன. ரத்தம் என் முகத்தில் அடித்தது.

"இப்ப நீ சொல்லு. நீ யார் வீட்டுப் பேய்?" என்று அவன் காதில் கத்தினேன்.

அவன் ஒரு பெயரும் சொல்லவில்லை. "ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி" என்றுதான் அலறினான். தன் உடம்பில் வலி என்றதும் அவனுக்கு வழி தெரிந்துவிட்டது. கூட்டம் கோழிக்கூட்டில் பாம்பு புகுந்ததுபோல் சிதறியது. எல்லாருக்கும் முன்னால் ஓடியவன் சாவெங்.

என் இறைச்சி வண்டியிலேயே எல்லோரையும் ஏற்றினேன். தவோன், நுவன், கண் திறக்க முடியாத பிம்பா. போகிற வழியில் ஒரதை புருஷனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து தானே ஏற்றினாள். தடுக்க வேண்டிய மச்சான் ஏற்கெனவே வண்டியில் விரலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். டாக்டர் கம்சிங்கின் கண்ணைப் பார்த்ததும், வயலில் இறங்கினானா, காலில் புண் இருக்கிறதா என்று கேட்டார். எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் நின்று நட்டால் வருவது. ஊசி போட்டார்கள். அவன் பிழைத்துக்கொண்டான்.

போலீஸ் வந்தது. கிழவியை இழுத்தது யார், மிதித்தது யார், பெட்ரோல் ஊற்றியது யார் என்று விசாரித்தது. கூட்டமாகச் செய்தது, இன்னார் என்று தெரியவில்லை என்றது ஊர். விரலை வெட்டியது யார் என்று மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த நாளுக்கு ஒரே வழக்குதான் பதிவானது, அது என்மேல். நடக்கட்டும். நீதிபதி கேட்டால் இன்னொரு தரமும் வெட்டுவேன் என்றுதான் சொல்லப்போகிறேன். வக்கீல் அதைச் சொல்லாதே என்று கெஞ்சுகிறார்.

பிம்பா ஆஸ்பத்திரியிலிருந்து மகன் வீட்டுக்குப் போகவில்லை. நுவனின் படியேறி உட்கார்ந்துகொண்டாள். கேட்கவும் இல்லை, நுவன் வா என்று சொல்லவும் இல்லை. இரண்டு பேரும் விடிந்தால் சண்டை. "என் பாயில ஏண்டி வெத்தலை துப்பினே?" என்று ஒருத்தி, "இது பாயாடி, பன்னி படுக்குமா இதுல?" என்று இன்னொருத்தி. எனக்குத் தூக்கம் போயிற்று.

பிரசோங் தினமும் ஒட்டரிசிச் சோற்றுக் கூடையோடு வந்து படிக்குக் கீழே நிற்பார். இப்போது தலைவர் வேலையில் அவர் இல்லை. முதுகில் தழும்பு இருப்பதால் நிமிர்ந்து நிற்க முடியாது. பல நாள் பிம்பா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒருநாள் மேலே வந்து நின்றாள். நான் வேலி ஓரமாகக் குடலைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, வீட்டுக்கு வாம்மா" என்றார். அழுதுகொண்டே சொன்னார். "அடி தாங்கலம்மா. உசிரே போற மாதிரி இருந்துச்சு. அதனாலதான் ஒன் பேரைச் சொல்லிட்டேன்."

"அது தெரியும்டா" என்றாள் பிம்பா. குரலில் கோபமே இல்லை. "அடிச்சா யாரும் சொல்லத்தான் செய்வாங்க. அதுக்கு நான் ஒன்னைக் குத்தம் சொல்லல."

"அப்புறம் ஏம்மா?"

"என் தலைல பெட்ரோல் ஊத்தினப்போ ஒன்னைக் கூப்பிட்டேனேடா, ரெண்டு தடவை. அப்போ ஒன்னை யாரும் அடிக்கலியே."