பிள்ளைப்பாக்கத்தில் யாரும் ஏறவில்லை

நிவாஸ் ஸ்ரீபெரும்புதூரிலேயே பிறந்து வளர்ந்தவன். அங்கிருந்து பிள்ளைப்பாக்கம் ஏழெட்டு கிலோமீட்டர். வண்டியை முறுக்கினால் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்துக்குத்தான் நம் துரை நிவாஸுக்கு உடம்பு வணங்கவில்லை.

ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளின் பஸ்கள் எந்த வழியாகப் போகலாம் என்று சொல்லும் ஆலோசனை நிறுவனத்தில் அவனுக்கு வேலை. லட்சக்கணக்கான செல்போன்கள் எந்த நேரத்தில் எங்கிருந்து எங்கே நகர்கின்றன என்ற விவரம், பெயர் நீக்கி, அவன் லேப்டாப்புக்கு வரும். வரைபடத்தில் போனுக்கு ஒரு புள்ளி. புள்ளி நகர்ந்தால் ஆள் போகிறான், நகராவிட்டால் தூங்குகிறான். விடியற்காலை ஐந்து மணிக்குப் பிள்ளைப்பாக்கத்தில் ஒரு புள்ளியும் அசையவில்லை. சரி, அந்த நிறுத்தத்தை எடுத்துவிடலாம் என்று எழுதிவிட்டான். அறிக்கையின் கடைசியில் ‘நேரில் சென்று சரிபார்க்கப்பட்டதா?’ என்று ஒரு கட்டம் இருக்கும். ஏ.சி. அறையை விட்டு நகராமலே அதில் டிக் அடித்தான். அந்த ஆபீசில் எல்லாரும் அப்படித்தான் அடிப்பார்கள், சாமர்த்தியசாலிகள்.

இரண்டு மாதம் கழித்து, தொழிற்சாலையின் ஹெச்.ஆர். அதிகாரி ரஞ்சனி அவனைக் கூப்பிட்டனுப்பினார். அறையில் யூனிஃபார்மோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஷெர்லின், பிள்ளைப்பாக்கத்து டிரெய்னி. நிறுத்தம் போனதிலிருந்து மெயின் ரோடு வரை மூன்று கிலோமீட்டர் நடந்து பஸ் பிடிக்கிறாள். ஒரே மாதத்தில் மூன்று லேட். டிரெய்னிக்கு மூன்று லேட் என்றால் வேலை காலி.

“அந்த ஸ்டாப்ல பன்னெண்டு பேர் ஏறினாங்கன்னு டிரைவர் சொல்றார்” என்றார் ரஞ்சனி. “நீங்க யாருமே இல்லன்னு எழுதியிருக்கீங்க. எப்படி?”

நிவாஸ் லேப்டாப்பைத் திறந்து வரைபடத்தைக் காட்டினான். ஷெர்லின் எட்டிப் பார்த்தாள்.

“மாதா கெபி பக்கத்துல கீதே, அது எங்க வூடு சார். போன் வூட்லதான் கீது. நாங்க யாரும் போன் கொண்டாறதில்ல. கேமரா போன் உள்ள வுட மாட்டாங்க. கேட்ல குட்த்துட்டு திரும்ப வாங்கறதுக்குள்ள பஸ்ஸு பூடும். அதான் எல்லாருமே வூட்ல வெச்சிட்டு வந்துடுவோம்.”

நிவாஸுக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு பெண்கள் இருட்டோடு எழுந்து வேலைக்குப் போயிருக்கிறார்கள். பன்னிரண்டு போன்கள் வீட்டில் கிடந்திருக்கின்றன. இவன் போன்களை எண்ணியிருக்கிறான்.

“டேட்டால தெரியல, சரி” என்றார் ரஞ்சனி. “ஆனா நேர்ல பார்த்ததா டிக் போட்டிருக்கீங்க. பார்த்தீங்களா இல்லையா? பார்க்காம எழுதியிருந்தா தப்பு இந்தப் பொண்ணு மேல இல்ல, மூணு லேட்டையும் ரத்து பண்ணிடுவேன். முறையா பார்த்துட்டுத்தான் எடுத்தீங்கன்னா ரூல் ரூல்தான்.”

இதற்கு மேல் ஒருவர் எப்படி வழி விட முடியும்? பார்க்கவில்லை மேடம் என்று சொன்னால் போதும். இவன் தலை கொஞ்சம் உருளும், அவள் வேலை தப்பும். நிவாஸ் வாயைத் திறந்தான்.

“பார்த்தேன் மேடம். மே மாசம் பன்னெண்டாம் தேதி காலைல.”

அந்தத் தேதி எங்கிருந்து வந்து நாக்கில் உட்கார்ந்ததோ, அவனுக்கே தெரியாது.

“பன்னெண்டா?” என்று யோசித்தாள் ஷெர்லின். பிறகு அவள் முகம் தெளிந்தது. “அன்னிக்குதான் எங்க அக்கா கொழந்தைக்கு ஞானஸ்நானம். ஞாயித்துக்கெழம சார் அது, கம்பெனி லீவு. அதான் மேடம், யாரும் நின்னுருக்க மாட்டாங்க. பாவம், சார் மேல தப்பு இல்ல.”

தன் வேலை எதில் தொங்குகிறது என்று அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இருந்தும் சொன்னாள். நிவாஸுக்குக் காதெல்லாம் எரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது. இப்போதாவது சொல்லித் தொலைடா என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. அவன் லேப்டாப்பை மெதுவாக மூடினான்.

ரஞ்சனி அவனையே சற்று நேரம் பார்த்தார். “திங்கட்கிழமைலேர்ந்து பஸ் அங்க நிக்கும். ஆனா ஞாயித்துக்கிழமையோ என்னவோ, நேர்ல பார்த்தேன்னு சார் சொல்லிட்டார், லேட்டை எடுக்க முடியாதும்மா. கார்டைக் குடுத்துட்டுப் போ.”

ஷெர்லின் கழுத்திலிருந்த கார்டைக் கழற்றி, நாடாவை ஒழுங்காகச் சுற்றி மேஜைமேல் வைத்தாள். அழவில்லை. மற்ற பதினோரு பேருக்காவது பஸ் வருதே என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

கேட் வரை இருவரும் சேர்ந்தே நடக்க வேண்டியிருந்தது. அவன் தலை குனிந்து வந்தான். கேட்டருகே அவள் நின்றாள்.

“சார், அன்னிக்கு அவ்ளோ காலைல வந்தீங்களே. எங்க தெரு நாய்ங்க புது ஆளுன்னா வுடாதுங்க. கடிச்சி கிடிச்சி வெச்சிடுச்சா?”

“இல்லம்மா” என்றான் நிவாஸ்.

அவளிடம் அவன் சொன்ன ஒரே உண்மை அதுதான்.