தவறு செய்தவளின் சிரிப்பு

லியெனின் வாளியில் கீறல் விழுந்த சிப்பிச் சதை பதினொன்று கிடந்தது. ஜப்பானியக் கடற்கரையில் சிப்பி உடைக்கும் அந்தக் கொட்டகையின் மேலாளர் கவகுச்சி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மரப்பலகையின் மீது வரிசையாக வைத்தார். சிப்பியின் ஓட்டைத் திறக்கும் குறுங்கத்தி சற்று ஆழமாக இறங்கினால் சதை கீறிவிடும். கீறிய சதை வடிந்து வாளி நீர் முழுவதையும் கலக்கிவிடும். ஆகையால் அத்தகையவற்றைத் தனி வாளியில் இட வேண்டும் என்பது முதல் நாளே சொல்லப்பட்ட விதி. எத்தனை கீறினாள் என்பது வெளியே தெரிந்துவிடும் என்று அஞ்சி, லியென் அவற்றை நல்ல வாளியின் அடியிலேயே அமிழ்த்தியிருந்தாள்.

“இது யார் பண்ணின வேலை?”

“நான்தான் ஐயா,” என்ற லியென், சொன்ன கையோடு சிரித்தாள்.

அவள் பிறந்த வியட்நாமின் ஹா தின் மாகாணத்தில், தவறு செய்து அகப்பட்டவர் சிரிப்பதுதான் வழக்கம். எதிரே நிற்பவரின் சினத்தைத் தணிக்கவும் தம் வெட்கத்தை மூடவும் அந்தச் சிரிப்பு பயன்படும். ஜப்பானுக்கு வேலைக்குப் போகும் கனவோடு வந்தவர்களுக்கு வின் நகரப் பயிற்சி மையத்தில் ஆறு மாதம் ஜப்பானிய மொழி கற்பித்தார்கள். எவ்வளவு குனிந்து வணங்க வேண்டும் என்று கோணம் வைத்துப் பழக்கினார்கள். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

“சிரிப்பா வருது உனக்கு?” என்றார் கவகுச்சி. “தப்பையும் பண்ணிட்டு, அதை ஒளிச்சும் வெச்சுட்டு, கிண்டல் வேற பண்றியா?”

அவருடைய குரல் உயர உயர லியெனின் சிரிப்பும் விரிந்தது.

“சரி. திங்கக்கிழமை சங்கத்துக்காரர் வர்றார். உன்னை ஊருக்குத் திருப்பி அனுப்பச் சொல்லிடறேன்.”

வியட்நாமிலிருந்து லியெனைப் போன்றவர்களை அழைத்து வந்ததும், மூன்றாண்டு ஒப்பந்தத்தை மேற்பார்ப்பதும் அந்தச் சங்கமே. லியென் வந்து இரண்டு மாதமே ஆகியிருந்தது. பாதியில் திருப்பி அனுப்பப்பட்டவர் எவரும் மறுபடி வந்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாலை விடுதியின் சமையலறையில், அவளுடன் தங்கியிருந்த சுவான் கீரையை அலசிக்கொண்டே கேட்டாள்.

“பதினொண்ணு கீறினதுக்கா அந்தாளுக்கு அவ்வளவு கோபம்? போன வருஷம் நான் ஒரே நாள்ல நாப்பது கீறினேன். நீ பல்லைக் காட்டினே பாரு, அதுக்குத்தான்டி.”

“வேற எப்படி நிக்கிறதாம் அக்கா? அழட்டுமா?”

“அழவும் வேணாம். செத்த மீன் மாதிரி மூஞ்சியை வெச்சுக்கோ, போதும்.” சுவான் கரண்டியை உயர்த்தி, கவகுச்சியைப் போலக் கழுத்தை நீட்டினாள். “இது யார் பண்ணின வேலை?”

லியென் உதட்டை இறுக்கிப் பார்த்தாள். கன்னம் தானாக விரிந்தது.

“உருப்பட்ட மாதிரிதான். போறப்ப அந்தச் சோறு வடிக்கிற சட்டியை எனக்குக் கொடுத்துட்டுப் போ.”

திங்கட்கிழமை காலை, வேலை தொடங்குமுன் எல்லாரும் வரிசையில் நின்றபோது, சங்கத்து அலுவலர் கோப்பும் கையுமாகக் கவகுச்சியின் பக்கத்தில் நின்றார். லியென் ஓர் அடி முன்னே வந்தாள்.

“கீறினதை நான் மறைச்சு வெச்சேன். தப்பு என்னோடது.”

தப்பு என்ற சொல் வாயை விட்டு நீங்கியதுமே உதட்டின் ஓரங்கள் அசையத் தொடங்கின. அவள் சட்டெனத் தலையைத் தாழ்த்தினாள். பயிற்சி மையத்தில் கற்ற கோணத்தையும் தாண்டி, முகம் முழங்காலை நோக்கும் அளவுக்குக் குனிந்தாள். யாரும் காணாத அந்த இடத்தில் சிரிப்பு முழுமையாக மலர்ந்தது. அது அடங்காமல் நிமிர முடியாது. மேலே யாரோ இருமினார்கள். கவகுச்சியின் ரப்பர் காலணி ஒருமுறை இடம் மாறியது. ஊருக்குத் திரும்பும் விமானத்தை நினைத்தாள்; அச்சத்தில் சிரிப்பு இன்னும் விரிந்தது. இடுப்பு வலித்தது, பிறகு தொடைகளும் வலித்தன. அந்த வலியில்தான் வாய் மெல்ல மூடிக்கொண்டது.

“போதும்மா, நிமிர்ந்துக்கோ,” என்றார் கவகுச்சி. அவர் குரலில் வெள்ளிக்கிழமையின் சூடு இல்லை. அலுவலரிடம் திரும்பி, “இவ்வளவு நேரம் குனிஞ்சு நின்ன ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. இருக்கட்டும், விட்டுடுங்க,” என்றார்.

அலுவலர் கோப்பை மூடினார். கவகுச்சி தாமே ஒரு தனி வாளியைக் கொணர்ந்து லியெனின் இடப்புறம் வைத்தார். “கீறினா இதுல போடு. எத்தனைன்னாலும் பரவாயில்லை, ஒளிக்காதே.”

பக்கத்து இருக்கையில் கத்தியை எடுத்த சுவான் கிசுகிசுத்தாள். “அவ்வளவு நேரமா கீழே என்னடி தேடினே?”

“சிரிச்சு முடிச்சுக்கிட்டிருந்தேன் அக்கா.”

குளிர்காலம் கழிவதற்குள் லியெனுக்குக் குனியாமலே முகத்தை அடக்க வந்துவிட்டது. மார்ச் மாதத்தில் ஒரு நாள், தந்தையின் நினைவு நாளன்று வீட்டுக்குப் பேச மறந்துபோனாள். மறுநாள் கைப்பேசித் திரையில் தாய் தோன்றினாள்.

“அப்பா படையலுக்கு எல்லாரும் வந்தாங்க. நீ ஒரு வார்த்தை பேசலையே.”

“தப்புதான் அம்மா,” என்ற லியென், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் தலையைத் தாழ்த்தினாள்.

தாய் திரையை நெருங்கி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“செய்யறதையும் செஞ்சுட்டு மூஞ்சியை எப்படி வெச்சிருக்கே பாரு. ஒரு சிரிப்பு சிரிச்சா குறைஞ்சா போயிடுவே? அங்கே போய் அவ்வளவு திமிர் வந்துடுச்சா?”

லியென் நிமிர்ந்து சிரிக்க முயன்றாள். அது வருவதற்குச் சற்று நேரம் பிடித்தது.